கடைசி வரியை மூடிவிட்டுப் படித்தேன்

அன்புள்ள பாப்பா,

வெளிநாடு போகப் போகிற டாக்டரை இன்னும் பாப்பா என்று கூப்பிடக் கூடாதென்று உன் அம்மா எனக்குத் தடை போட்டிருக்கிறாள். அவள் மட்டும் போனை எடுத்ததும் "பாப்பா, துன்னியா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள். அதனால் தடையை நானும் மீறுகிறேன். நீ பெட்டி கட்டிக்கொண்டு கள்ளிக்குப்பத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இந்தக் கடிதம் உன் ஹாஸ்டலுக்கு வந்துவிட வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர். நான் ஒரு வாக்கியம் பேசினால் உன் அம்மா இரண்டு வாக்கியம் பேசுவாள், நடுவில் குக்கர் விசில் அடிக்கும், சொல்ல வந்தது போய்விடும். உனக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டும் போனில் சொல்லக் கூடியவை அல்ல.

முதல் விஷயம், நீ அனுப்பிய கட்டுரை. "படிச்சுப் பாத்து, எங்கேயாவது இடிக்குதான்னு சொல்லுங்கப்பா. நான் கிளம்பறதுக்கு முன்னாடி ஜர்னலுக்கு அனுப்பிடணும்ங்கிறார் எங்க கைடு சார்" என்று எழுதியிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். உன் அப்பா ஆராய்ச்சி செய்தவன் இல்லை. ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சுமந்தவன். கறுப்புப் பையும் கழுத்தில் டையுமாக அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று ஒரு கிளினிக் விடாமல் ஏறி இறங்கிய மெடிக்கல் ரெப். அந்தப் பையில் மாத்திரை சாம்பிளுக்குப் பக்கத்தில் வழவழவென்று கட்டுரை நகல்கள் இருக்கும். அவற்றை நான் முழுதாகப் படித்தேன் என்று நினைக்காதே. முதல் பக்கத்துச் சுருக்கத்தில் கடைசி வரியை மட்டும் படிப்பேன். அதன்மேல் பச்சை மார்க்கரால் கோடு போடுவேன். நோயாளிகள் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும்போது டாக்டர் என்னை உள்ளே விடுவதே பெரிய விஷயம். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றாமலே "சொல்லுப்பா" என்பார். நான் பச்சைக் கோட்டைக் காட்டி அந்த ஒரு வரியைச் சொல்வேன். அவர் தலையாட்டுவார். நான் வணக்கம் சொல்லி வெளியே வருவேன். அந்த வரி அவருடைய பேனா வழியாக மருந்துச் சீட்டில் இறங்கும்.

நான் இதற்காக வெட்கப்படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மருந்துகள் நிறைய விற்றேன். ஜனங்கள் பிழைத்தார்கள், நீயும் படித்தாய். ஆனால் ஒரு கட்டுரையில் கடைசி வரிக்கு எத்தனை கால் உண்டு, அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பது எனக்குத் தெரியும். நீ எழுதியதை உன் சாரும் ஜர்னலில் மதிப்பிடுகிற இரண்டு பேரும் முழுதாகப் படிப்பார்கள். மற்ற எல்லோரும் என்னைப் போலத்தான்.

உன் கட்டுரையைப் படித்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பை மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம். "அடேயப்பா, இதை நான் வித்திருப்பேனே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கை தானாக மேஜை டிராயருக்குள் மார்க்கரைத் தேடியது. "சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு இந்த மாத்திரை நம்பிக்கை தரும் துணை மருந்து, தூக்கத்தையும் கணிசமாக மேம்படுத்துகிறது." என்ன வரி பாப்பா அது! பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கிளினிக் அத்தனையிலும் ஒரே நாளில் இறக்கியிருப்பேன். அந்தச் சந்தோஷம் அடங்கின பிறகு டிராயரை மூடினேன். ரிடையரான ஒரு ரெப்புக்கு மார்க்கர் ஞாபகம் வருகிற மாதிரி ஒரு டாக்டர் எழுதினால், அதில் ஏதோ இருக்கிறது.

உடனே எனக்கு ஒரு பெண் டாக்டரின் ஞாபகம் வந்தது. பூந்தமல்லியில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்தவர், என்னைவிட வயதில் நிரம்பச் சின்னவர். மூட்டு வலி மருந்து ஒன்றுக்காகப் போயிருந்தேன். வழக்கம்போல நகலை நீட்டினேன். அவர் தன் மருந்துச் சீட்டுக் கட்டை எடுத்து, நான் பச்சைக் கோடு போட்ட வரியின்மேல் வைத்து மூடினார். "இப்ப சொல்லுங்க சார், இதுல இன்னா இருக்கு?" என்றார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், அட்டவணை இருந்தது. அதைப் படிக்க எனக்குத் தெரியும், பி.எஸ்ஸி. படித்தவன்தானே. ஆனால் அதுவரை படித்ததில்லை. படித்துப் பார்த்தால் மூட்டு வலி புது மருந்திலும் குறைந்திருந்தது, பழைய மருந்திலும் அதே அளவு குறைந்திருந்தது. அந்த டாக்டர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "சரி சார், அடுத்த தடவ வாங்க" என்று மணியை அடித்துவிட்டார். வெளியே வந்து வண்டியை உதைத்துக் கிளப்பி, "என்னா திமிரு!" என்று ஆவடி வரைக்கும் புலம்பிக்கொண்டே போனேன். உன் அம்மாவிடமும் வந்து புலம்பினேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடி, "நீ கோடு போட்டத தானே மூடுனாங்கோ? மிச்சத்த நீ சொல்லியிருக்கலாமே" என்றாள். எனக்கு அன்றைக்கு இரண்டு பெண்கள்மேலும் கோபம்.

அந்த டாக்டர் செய்ததையே நானும் உன் கட்டுரைக்குச் செய்தேன். கண்ணாடிக் கூட்டை எடுத்து முடிவுரைமேல் வைத்து மூடிவிட்டு, அட்டவணையிலிருந்து படித்தேன்.

நீயும் உன் சாரும் ஆராய்ச்சி ஆரம்பிக்கும் முன்பு ஒரே ஒரு முக்கியக் கேள்வியை வைத்துக்கொண்டீர்கள்: மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கால் எரிச்சல் குறைகிறதா? பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரை. யார் எதைச் சாப்பிடுகிறார் என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுத்த உனக்கும் தெரியாது. அருமையான ஏற்பாடு. பதிலும் தெளிவாக வந்திருக்கிறது. எரிச்சல் இரண்டு பக்கமும் குறைந்திருக்கிறது, ஏறக்குறைய ஒரே அளவில். அதாவது அந்த மாத்திரையால் தனியாக ஒன்றும் ஆகவில்லை. விஷயம் அங்கேயே முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் நடையைப் பார்த்தீர்கள், மரத்துப்போவதைப் பார்த்தீர்கள், பசியைப் பார்த்தீர்கள், மனநிலையைப் பார்த்தீர்கள், பெண்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தீர்கள். தூக்கத்தில் ஒரு சின்ன வித்தியாசம் அகப்பட்டது. அதைத் தூக்கி நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, எரிச்சலை அடுப்படிப் பக்கம் அனுப்பிவிட்டீர்கள். நானும் தெருவில் அலைந்தவன்தான் பாப்பா. பத்து வீட்டுக் கதவைத் தட்டினால் ஒரு வீட்டில் காப்பி கிடைக்கும். அதை வைத்து ஊரே எனக்கு விருந்து போட்டது என்று சொல்ல முடியுமா?

இன்னோர் இடத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மரத்துப்போவது குறைந்ததா என்ற பத்தியில், வித்தியாசம் "குறிப்பிடத்தக்க அளவை நெருங்கியது" என்று எழுதியிருக்கிறாய். உன் குத்தம்பாக்கம் மாமா பத்தாம் வகுப்பில் கணக்கில் பாஸ் மார்க்கை நெருங்கினான். அப்படித்தான் உன் தாத்தாவிடம் வந்து சொன்னான். அவருக்குப் புரிந்துவிட்டது, விளக்குமாற்றை எடுத்தார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நம்மூரில் சொல்வார்களே, அதை இங்கிலீஷில் இவ்வளவு மரியாதையாக எழுத முடியும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

நீ பொய் எழுதியதாக நான் சொல்லவே இல்லை. ஒரு எண்கூடப் பொய் இல்லை, அட்டவணை சுத்தமாக இருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். மூன்று வருஷம் வெயிலில் நின்று நோயாளிகளைக் கூப்பிட்டு, அவர்கள் வராதபோது பஸ் பிடித்து வீட்டுக்கே போய் மாத்திரை கொடுத்தவள் நீ. கடைசியில் "ஒன்றும் இல்லை" என்று எழுத யாருக்குத்தான் கை வரும்? உன் சாரும் கெட்டவர் இல்லை. "கொஞ்சம் தூக்கி எழுதும்மா, இல்லன்னா எவன் போடுவான்?" என்றாராமே. அவர் காலத்தில் அவருக்கு யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறார்கள். தூக்கினது எங்கே போய் இறங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் போன வாரம் அது நம் வீட்டில் இறங்கியது.

"ரிசல்ட் நல்லா வந்திருக்குப்பா" என்று நீ ஸ்பீக்கரில் சொன்னாய் அல்லவா? கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மா உடனே பருத்திப்பட்டில் இருக்கும் உன் பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். பெரியம்மா மறுநாள் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்த மூச்சிரைப்போடு என்னைக் கூப்பிட்டார். "இன்னா தம்பி, பாப்பா கால் எரிச்சலுக்கு மாத்ர கண்டுபுட்சிருக்காமே! எனக்கும் ரெண்டு அட்ட வாங்கியாந்து குடேன்." சரி, போகட்டும் என்று விட்டேன். சாயங்காலம் குத்தம்பாக்கத்திலிருந்து உன் மாமா. "மாமா, நம்ம பாப்பா மருந்துல சுகரே போயிடுமாமே? நான் இன்சுலின் ஊசிய நிறுத்திடட்டா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய், ஊசிய நிறுத்தினே, நானே பஸ் ஏறி வந்து உன்னைக் குத்துவேன்" என்று கத்தினேன். பயந்துவிட்டான். அவன் மனைவியிடமும் தனியாகச் சொல்லிவைத்திருக்கிறேன். யோசித்துப் பார் பாப்பா. கள்ளிக்குப்பத்தில் "நல்லா வந்திருக்கு", பருத்திப்பட்டில் "கண்டுபிடித்துவிட்டாள்", குத்தம்பாக்கம் போவதற்குள் சர்க்கரையே போய்விட்டது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆசை இருக்கிறவர்கள் ஒவ்வொருவரும் கொஞ்சம் தூக்கினார்கள். முதலில் தூக்கியது நீ.

இனி இரண்டாவது விஷயம். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் போலிருக்கிறது.

உன் அம்மாவுக்குச் சர்க்கரையால் வந்த கால் எரிச்சல் தேவலை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நீ போனில் கேட்கும்போதெல்லாம் "இப்ப தேவல பாப்பா, பரவால்ல" என்கிறாள். தேவலை இல்லை. நீ வெளிநாடு போகப் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்த காலத்திலிருந்தே தேவலை இல்லை. உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசினமாதிரி இருக்கிறதாம். சமைக்கும்போது ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மத்தியானம் பாத்ரூம் வாசலில் ஈரத் தரையில் இரண்டு பாதத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். உன் போன் வந்தால் அங்கே உட்கார்ந்தபடியேதான் "பரவால்ல" என்கிறாள். நான் பக்கத்தில் நின்று சும்மா இருந்திருக்கிறேன். "இன்னாத்துக்கு அவகிட்ட சொல்லிக்கினு? டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு வந்து குந்திக்கும்" என்று அவள் சொன்னதை நானும் ஒப்புக்கொண்டேன். நம் டாக்டரிடமும் அவள் தேவலை என்றேதான் சொல்கிறாள். மருந்து எழுதிக் கொடுத்த மனுஷன் முகத்துக்கு நேராக, மருந்து கேட்கவில்லை என்று சொல்வது மரியாதை இல்லையாம். "பாவம், அவ்ளோ பொறுமையா பாத்தாரு, எப்டி சொல்றது?" என்கிறாள். உன் ஆராய்ச்சியில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எரிச்சல் குறைந்ததே, அதில் எத்தனை பேர் நீ பஸ் ஏறி வந்த பாவத்துக்காகத் தேவலை என்று சொன்னவர்கள் என்று நான் யோசித்தேன். அந்த வெற்று மாத்திரை இல்லாவிட்டால் நீயும் ஏமாந்திருப்பாய். உன் ஏற்பாடு உன்னைக் காப்பாற்றியிருக்கிறது, நீதான் அதன் பேச்சைக் கேட்கவில்லை.

பெரியம்மா போன் செய்த அன்றைக்கே உன் அம்மாவும் என்னிடம் வந்தாள். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம், பாப்பா. அவள் ஆசைப்பட்டு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஏங்க, பாப்பாவோட மாத்ரய எனக்கும் வாங்கியாங்களேன். அவ குட்த்தான்னா எனக்குக் கேக்கும்" என்றாள். வாழ்நாளெல்லாம் டாக்டர்களிடம் மருந்து விற்றவன் நான். "வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டால் போதும், அவளும் சாப்பிட்டுவிட்டுத் தேவலை என்பாள், நீயும் நிம்மதியாக விமானம் ஏறுவாய். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. உன் கட்டுரையைக் கொண்டுவந்து, கண்ணாடிக் கூட்டால் மூடியது போலவே மூடி, அட்டவணையில் இருந்ததை அவளுக்குத் தமிழில் சொன்னேன். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எரிச்சலில் வித்தியாசம் இல்லை என்றேன்.

அந்தப் பிரகாசம் போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப கடைசீல இன்னா எழுதியிருக்கா?"

கூட்டை எடுத்துவிட்டுப் படித்துச் சொன்னேன். நம்பிக்கை தரும் துணை மருந்து.

"யாருக்கு நம்பிக்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளே சொன்னாள்: "கேக்கலன்னா கேக்கலன்னு எழுதச் சொல்லுங்க அவள. நான் இத துன்னுக்கினு ஆறு மாசம் குந்தியிருப்பேன், கேக்கும் கேக்கும்னு. கேக்காதுன்னு தெரிஞ்சா வேற எதுனா பாத்துக்குவேன் இல்ல?"

இதற்குமேல் நான் என்ன சொல்ல, பாப்பா? உன் அம்மா பாதத்தைத் தேய்த்துக்கொண்டு சொன்னதை உன் சாரிடம் நீ உன் மரியாதையான மொழியில் சொல். சண்டை போடாதே. அவர் உனக்குச் சோறு போட்டவர் மாதிரி. "சார், முடிவுரையை நான் ஒருதரம் எழுதித் தரட்டுமா?" என்று கேள். முதல் வரியில் முக்கியக் கேள்விக்குப் பதிலை வை: எரிச்சல் இரண்டு குழுவிலும் ஒரேபோலக் குறைந்தது, இந்த மாத்திரையால் கூடுதல் பலன் தெரியவில்லை. அடுத்ததாக, தூக்கத்தில் கண்ட வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், அதைத் தனியாகச் சோதித்தால்தான் தெரியும் என்று எழுது. "நெருங்கியது" என்கிற அந்த மாமாவை வெளியே அனுப்பு. இந்தக் கட்டுரையை எவன் போடுவான் என்றால், போடுகிறவன் போடுவான். ஒருவன் மறுத்தால் இன்னொருவனிடம் போ. கதவைத் தட்டுவதில் உன் அப்பாவுக்கு இல்லாத அனுபவமா? மூன்று தெரு தள்ளி ஒருவன் எப்போதும் திறப்பான். அந்த வெளிநாட்டுக்காரர்கள் உன்னை வேலைக்கு எடுத்தது நீ ஜெயித்தாய் என்பதற்காக இல்லை, நீ சரியாகச் செய்வாய் என்பதற்காக. அதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அட்டவணை எழுதிய கையே முடிவுரையையும் எழுதினால் போதும், நடுவில் வேறு கை வர வேண்டாம்.

உன் அம்மா அதைச் சொன்னவுடன் நான் விடவில்லை. "அவள மட்டும் உள்ளதை எழுதச் சொல்றியே, நீ உன் ரிசல்ட்டை அவகிட்ட சொன்னியா?" என்று மடக்கினேன். வசமாக மாட்டிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அரிசி களையப் போவதாக எழுந்தாள், போகவில்லை. "சரி, எழுதிக்கோங்க. ஆனா கடைசீல நான் சொல்றததான் எழுதணும்" என்றாள். ஒத்துக்கொண்டேன். வேறு டாக்டரைப் பார்க்க நாள் வாங்கிவிட்டேன், கூட நானே போகிறேன். அங்கே அவள் "தேவல" என்று வாயெடுத்தால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியும் வைத்திருக்கிறேன். நீ வரும்போது அவள் காலைப் பார், தொட்டுப் பார், டாக்டராகவே பார். அழாதே, அவளுக்குப் பிடிக்காது.

இனி வருவது உன் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவது. இதை மூடிவிட்டுப் படிக்க வேண்டியதில்லை.

எனக்கு எரிச்சல் கொறையல பாப்பா. நீ போய்ட்டு வா.